டிராஃப்ட்டில் இருக்கும் ராஜினாமா கடிதம்

அன்புள்ள ஐயா,

ஓசூரில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் 22 வருடமாக வேலை பார்க்கிறேன். வயது 53. புதிதாக வந்த மேலாளர் என் மகனைவிடப் பத்து வயதுதான் மூத்தவர். போன மாதம் காலைக் கூட்டத்தில் என் ரிப்போர்ட்டைத் திரையில் போட்டு, எல்லார் முன்னாலும், "சார், இப்படி எழுதினா யாருக்குப் புரியும்?" என்று கேட்டார். அன்று இரவே ராஜினாமா கடிதம் எழுதிவிட்டேன். அனுப்பவில்லை, டிராஃப்ட்டில் இருக்கிறது. வீட்டிலும் சொல்லவில்லை. பி.எஃப்., கிராஜுவிட்டியை வாங்கிக்கொண்டு, பென்ஷனுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டால் ஓட்டிவிடலாம் என்று நினைக்கிறேன். சர்க்கரை வேறு இருக்கிறது. எப்படியும் ஐந்து வருடத்தில் வெளியே போக வேண்டியவன்தான். அப்புறம் என்னை யார் தேடப் போகிறார்கள்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கடிதத்தை அனுப்பாமல் வைத்திருக்கிறீர்களே, அது நல்லது. இன்னும் கொஞ்ச நாள் அங்கேயே இருக்கட்டும்.

நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். மேலாளர்மேல் கோபம் இருக்கிறது. ஆனால் கடைசி வரியில் இருப்பது கோபம் இல்லை, பயம். வீட்டில் சொல்லாமல் இருப்பது அவமானத்தால். மூன்றுக்கும் சேர்த்து ஒரே ராஜினாமா எழுதியிருக்கிறீர்கள். கம்பெனிகளில் எமோஷனல் இன்டெலிஜென்ஸ் என்று வகுப்பு எடுக்கிறார்களே, அதைப் பற்றி 1990இல் கட்டுரை எழுதிய பீட்டர் சலோவே, ஜான் மேயர் என்ற உளவியலாளர்கள் சொன்னது இதைத்தான்: தன் மனதையும் பிறர் மனதையும் கவனிப்பது, இது வேறு அது வேறு என்று பிரித்துப் பார்ப்பது, அதை வைத்து அடுத்த காரியத்தைச் செய்வது. அதைப் போய் 'கோபத்தை அடக்கு' என்று சுருக்கிவிடுவது எனக்கு வருத்தம்.

நான் வேலை பார்த்த இடத்தில் ஸ்டோர்ஸில் ஒரு அண்ணன் இருந்தார். யாராவது சத்தம் போட்டால் பதில் பேச மாட்டார். இருப்பைக் குறித்து வைக்கும் அட்டையை (bin card) எடுத்துக்கொண்டு கடைசி ரேக்குக்குப் போய், பேரிங்குகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணி, பென்சிலால் டிக் அடிப்பார். கால் மணி நேரம் கழித்து, சத்தம் போட்டவரிடமே நேராக வருவார். "பொருள் இல்லாதது என் தப்பு. ஆனா அந்த வார்த்தை வேண்டாமே" என்பார். அவ்வளவுதான். அவர் எண்ணப் போவது ஒளிந்துகொள்ள இல்லை, என்ன சொல்ல வேண்டும் என்று யோசிக்கத்தான் என்பது எனக்குப் புரிய ரொம்ப நாளானது.

நீங்களும் மேலாளரைத் தனியாகப் பாருங்கள். ரிப்போர்ட்டில் தவறு இருந்தால் ஒத்துக்கொள்ளுங்கள். "எல்லார் முன்னாடியும் கேட்டது கஷ்டமா இருந்தது, அடுத்த முறை முன்னாடியே சொல்லிடுங்க" என்று சொல்லிவிடுங்கள். அந்த வயதில் அவருக்கும் அந்தக் கூட்டத்தில் பதற்றம் இருந்திருக்கும்.

பயத்தை மட்டும் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 39,000 என்று வைப்போம். 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால், வேலையை விடும்போது கம்பெனி தரும் கிராஜுவிட்டி, ஒரு வருட சர்வீஸுக்கு 22,500. இப்போது கிளம்பினால் 22 வருடத்துக்கு 4,95,000. 58 வரை இருந்தால், சம்பளம் ஒரு ரூபாய்கூட ஏறாவிட்டாலும், 6,07,500.

பி.எஃப். பென்ஷனை 50 வயதிலிருந்தே கேட்கலாம்தான். ஆனால் 58க்கு எத்தனை வருடம் குறைகிறதோ, வருடத்துக்கு 4 விழுக்காடு வீதம் வெட்டிவிடுவார்கள். அந்த வெட்டு பிறகு சரியாகாது. 58இல் வாங்கினாலும் அதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. 2014 செப்டம்பரிலிருந்து கணக்கில் எடுக்கும் சம்பளத்துக்கு 15,000 உச்சவரம்பு. அதை சர்வீஸால் பெருக்கி 70ஆல் வகுப்பார்கள். பென்ஷனுக்கான சர்வீஸ் 35 வருடம் என்று வந்தால்கூட மாதம் 7,500தான். உங்களுக்கு இன்னும் குறையும், ஏனென்றால் 2014க்கு முந்தைய வருடங்களுக்கு உச்சவரம்பு 6,500. மிச்சச் செலவுக்கு நீங்களே சேர்த்தாக வேண்டும், அதற்கு இந்த ஐந்து வருடச் சம்பளம் வேண்டும்.

பணத்தைவிட எனக்குக் கவலை உங்கள் சர்க்கரைதான். கம்பெனி எடுத்திருக்கும் மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடும். புதிதாகத் தனி பாலிசி எடுத்தால், ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு 3 வருடம் வரை காத்திருக்க வைக்கலாம். இப்போதே, சர்க்கரையை மறைக்காமல் எழுதி, ஒன்று எடுத்துவிடுங்கள். காத்திருக்கும் காலம் நீங்கள் வேலையில் இருக்கும்போதே, கம்பெனி காப்பீட்டின் நிழலில் கழிந்துவிடும்.

யார் தேடப் போகிறார்கள் என்று கேட்டீர்கள். அந்த ஸ்டோர்ஸ் அண்ணன், ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கும்போதே, ஞாயிற்றுக்கிழமைகளில் மச்சானின் ஹார்ட்வேர் கடையில் போய் உட்கார ஆரம்பித்தார். ரேக்கில் எது எங்கே என்று அவர்தான் ஒழுங்கு செய்து கொடுத்தார். வேலையிலிருந்து நின்ற மறுநாள் காலை, கல்லாவுக்குப் பக்கத்தில் அவருக்கென்று ஒரு ஸ்டூல் இருந்தது. 22 வருடம் இயந்திரங்களோடு இருந்த உங்களுக்கும் அப்படி ஓர் இடம் ஓசூரில் இல்லாமல் போகாது. தேட ஐந்து வருடம் இருக்கிறது.

முதலில் வீட்டில் சொல்லுங்கள். இந்த ஞாயிறு பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து இரண்டு பேரும் சேர்ந்து பாருங்கள், நாமினி பெயர் சரியாக இருக்கிறதா என்பதையும். பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.