ஆதிக் கிறிஸ்தவ நம்பிக்கைகள்: எது எப்போது வந்தது, எவ்வளவு நம்பலாம்? (கேள்வி பதில்)

கேள்வி: ஐயா, இயேசு உயிர்த்தெழுந்தார் என்பது அவர் இறந்து இருநூறு, முந்நூறு ஆண்டு கழித்துக் கட்டிய கதை என்று அடிக்கடி காதில் விழுகிறது. எழுத்தில் அது முதன்முதலில் எப்போது வருகிறது?

பதில்: இருநூறு ஆண்டு என்பது தவறு. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் (கடிதத்தில்) 15ஆம் அதிகாரம், 3 முதல் 7 வரையுள்ள வசனங்களைப் பாருங்கள். கிறிஸ்து பாவங்களுக்காக மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், மூன்றாம் நாளில் எழுந்தார், கேபாவுக்கும் (பேதுருவுக்கும்) பன்னிருவருக்கும் தரிசனமானார் என்று அடுக்கிக்கொண்டே போகிறது. நிருபத்தின் காலம் கி.பி. 53–55.

அந்த ஆண்டு எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் விடாதீர்கள். பவுலைப் பற்றிய மற்ற ஆண்டுக் கணக்குகள் பெரும்பாலும் இதை வைத்தே போடப்படுகின்றன. கிரேக்கத்தின் டெல்பியில் கிடைத்த ஒரு கல்வெட்டில் பேரரசர் கிளாடியஸின் கடிதம் இருக்கிறது. அதில் கல்லியோன், கொரிந்து இருக்கும் அகாயா நாட்டின் அதிபதியாகக் குறிப்பிடப்படுகிறார். கிளாடியஸ் 26ஆம் முறை வெற்றி வாழ்த்துப் பெற்ற காலத்தது அந்தக் கடிதம் என்பதால் 52இன் முற்பகுதி என்று நெருங்கிவிடலாம். ஆக, கல்லியோனின் பதவிக்காலம் 51–52. அப்போஸ்தலர் 18ஆம் அதிகாரம், பவுல் கொரிந்துவில் பதினெட்டு மாதம் இருந்ததையும் கல்லியோன் முன் நிறுத்தப்பட்டதையும் சொல்கிறது. நிருபம் எழுதும்போது அவர் எபேசுவில் இருக்கிறார். 16:8இல் அவரே சொல்கிறார். இரண்டையும் சேர்த்தால் 53–55 வந்துவிடும்.

இன்னும் பின்னால் போகவும் வழி இருக்கிறது. ‘நான் அடைந்ததும் உங்களுக்கு ஒப்புவித்ததும்’ என்று பவுல் தொடங்குகிறார். ஆசிரியரிடமிருந்து மாணவருக்கு வாய்மொழியாகக் கைமாறும் மரபைக் குறிக்க யூதர்கள் வழங்கிய சொற்கள் அவை. உள்ளே வரும் ‘பன்னிருவர்’ என்ற சொல்லைப் பவுல் வேறெங்கும் பயன்படுத்துவதில்லை. பெரும்பாலும் ‘பாவம்’ என்று ஒருமையில் எழுதுகிறவர், இங்கே ‘பாவங்கள்’ என்கிறார். பிறர் வகுத்த வாசகத்தை மாற்றாமல் ஒப்பிக்கிறார் என்று ஆய்வாளர்கள் பெரும்பாலும் முடிவு செய்வது இதனால்தான்.

யாரிடம் பெற்றார்? கலாத்தியர் 1:18–19இல், மனம் மாறி மூன்று ஆண்டுக்குப் பிறகு எருசலேமுக்குப் போய்ப் பேதுருவுடன் பதினைந்து நாள் தங்கியதையும், இயேசுவின் சகோதரன் யாக்கோபைக் கண்டதையும் எழுதுகிறார். பட்டியலில் தனியாகப் பெயர் சொல்லப்படுகிறவர்கள் இந்த இருவர் மட்டுமே. இயேசு இறந்தது 30 அல்லது 33. பவுல் எருசலேம் போனது 30களின் நடுவிலோ பிற்பகுதியிலோ. வாசகத்தை அங்கேயே பெற்றாரா, அதற்கு முன் தமஸ்குவிலா என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை. எப்படியானாலும் அந்த நம்பிக்கை முதல் சில ஆண்டுகளுக்குள் இருந்தது என்பதில் நாத்திக ஆய்வாளர்களும் பெரும்பாலும் உடன்படுகிறார்கள்.

கேள்வி: அப்படியானால் உயிர்த்தெழுதல் உண்மையில் நடந்தது என்று ஆகிவிட்டதே?

பதில்: ஆகவில்லை. சபைகளில் பேசுகிறவர்கள் பலர் இந்த இடத்தில்தான் அவசரப்படுகிறார்கள். ஒரு நம்பிக்கை எவ்வளவு பழையது என்பது ஒரு கேள்வி. நம்பியது நடந்ததா என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு நமக்குக் கிடைத்திருப்பது மிக நல்ல சான்று. அதைக் கொண்டு இரண்டாவதைச் சாதிக்க முடியாது. பிற்காலக் கட்டுக்கதை என்ற விளக்கத்தை மட்டும் அது அடைத்துவிடுகிறது.

பட்டியலில் என்ன இல்லை என்றும் பாருங்கள். அடக்கம் உண்டு, காலியான கல்லறை பற்றிப் பேச்சில்லை. சுவிசேஷங்களில் கல்லறைக்கு முதலில் போகும் பெண்கள் இல்லை. மாறாக, ஐந்நூறு பேருக்கு மேற்பட்ட சகோதரருக்குத் தரிசனமானார் என்ற செய்தி இங்கே உண்டு. நான்கு சுவிசேஷத்திலும் கிடையாது. கேபாவுக்கும் தனக்கும் பவுல் ‘தரிசனமானார்’ என்ற ஒரே வினையைத்தான் பயன்படுத்துகிறார். கண்ணால் பார்ப்பதற்கும் தரிசனத்துக்கும் அந்தக் கிரேக்க வினை பொதுவானது. ஆகவே சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு ‘உடலோடு கண்டார்கள்’ என்றோ ‘மனத்தோற்றம்’ என்றோ தீர்ப்பு எழுத முடியாது.

அடக்கம் பற்றி ஒரு சேர்க்கை. சிலுவையில் அறையப்பட்டவர்களைப் புதைத்ததே கிடையாது என்று சிலர் வாதிடுகிறார்கள். 1968இல் எருசலேமின் வடக்கே கிவ்அத் ஹமிவ்தாரில் யெகோகானான் என்பவரின் எலும்புப் பெட்டி கிடைத்தது. குதிகால் எலும்பில் சுமார் 11.5 செ.மீ. ஆணி அப்படியே இருந்தது. அவரைக் குடும்பக் கல்லறையில் வைத்திருக்கிறார்கள். புதைக்க வாய்ப்பு இருந்தது என்பது இதனால் உறுதி. இயேசுவுக்கு அப்படி நடந்ததா என்பதற்கு இது சான்று ஆகாது.

கேள்வி: இயேசுவைக் கடவுளாக்கியது 325இல் பேரரசர் கான்ஸ்டன்டைன் கூட்டிய நிசேயா ஆயர் சங்கம்தானே? எந்தெந்தப் புத்தகம் பைபிளில் இருக்க வேண்டும் என்று வாக்கெடுத்ததும் அங்கேதானாம்.

பதில்: இரண்டும் தவறு. நிசேயாவில் எழுந்த வழக்கு அலெக்சாந்திரியா குரு ஆரியுஸ் பற்றியது. குமாரன் உலகத்துக்கு முன்பே இருந்தவர் என்பதை ஆரியுஸும் ஏற்றார். அவர் படைக்கப்பட்டவரா, பிதாவோடு ஒரே தன்மை உடையவரா என்பதுதான் தகராறு. புத்தகப் பட்டியல் அங்கே பேசுபொருளே அல்ல. சங்கம் வகுத்த 20 விதிகளில் ஒன்றுகூட அதைத் தொடவில்லை. இன்றைய 27 புத்தகங்களை அப்படியே பட்டியலிட்டு நமக்குக் கிடைத்திருக்கும் முதல் ஆவணம் அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் 367இல் எழுதிய ஈஸ்டர் கடிதம். நான்கு சுவிசேஷங்கள்தான் என்று ஆயர் இரேனேயுஸ் 180 வாக்கிலேயே வாதாடிவிட்டார்.

இயேசுவை வணங்கியது எவ்வளவு பழமை? ஏறத்தாழ 112இல் பித்தினியா ஆளுநர் பிளினி பேரரசர் திராயானுக்கு எழுதிய கடிதத்தில், குறித்த நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைக் கடவுளாகப் பாவித்துப் பாட்டுப் பாடுகிறார்கள் என்கிறார். அதற்கும் அரை நூற்றாண்டு முந்தியது பிலிப்பியர் 2:6–11: ‘தேவனுடைய ரூபமாயிருந்தும்’ அடிமையின் ரூபமெடுத்தார் என்ற பகுதி. பவுலுக்கு முன்பே பாடப்பட்ட துதியாக இருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். என் பார்வையில் இவற்றைவிட வலுவானது ஒற்றைச் சொல்தான். 1 கொரிந்தியர் 16:22இல் கிரேக்க நிருபத்தின் நடுவே ‘மாரனாதா’ என்று அரமேய மொழியில் வருகிறது. ‘எங்கள் ஆண்டவரே, வாரும்’ என்று பொருள் கொள்ளலாம். கிரேக்கம் பேசும் கொரிந்துவுக்கு அரமேய வேண்டுதல் போயிருக்கிறதென்றால், அது பலஸ்தீனத்துச் சபையிலிருந்துதான் போயிருக்க வேண்டும். நம் பழைய மொழிபெயர்ப்பு இதைக் ‘கர்த்தர் வருகிறார்’ என்று பெயர்த்துவிட்டதால், தமிழில் மட்டும் படிப்பவர் கண்ணில் இந்தச் சான்று படுவதில்லை.

ஆனால் ‘ஒரே தன்மை’ என்ற தத்துவச் சொல் பவுலிடம் இல்லை. அது நிசேயாவில் ஏறியது. வணக்கம் முதலில் வந்தது, அதை விளக்கும் இலக்கணம் பிறகு வந்தது.

கேள்வி: பைபிளுக்கு வெளியே இயேசு பற்றி யாராவது எழுதியிருக்கிறார்களா? யோசேப்பு எழுதியது மோசடி என்கிறார்களே?

பதில்: யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு 93–94இல் முடித்த நூலில் இயேசு இரண்டு இடத்தில் வருகிறார். இரண்டையும் கலக்காதீர்கள்.

18ஆம் புத்தகத்துப் பத்தியில் ‘இவரே கிறிஸ்து’ என்றெல்லாம் இருக்கிறது. யோசேப்பு கடைசிவரை யூதர். அப்படி எழுதியிருக்க மாட்டார். அவர் இயேசுவைக் கிறிஸ்துவாக ஏற்கவில்லை என்று மூன்றாம் நூற்றாண்டில் கிறிஸ்தவ அறிஞர் ஓரிகேன் சொல்கிறார். நான்காம் நூற்றாண்டில் சபை வரலாற்றாசிரியர் யூசேபியுஸ் எடுத்துக்காட்டும்போது அந்த வாக்கியம் இருக்கிறது. கிறிஸ்தவக் கை பட்டிருக்கிறது என்பது வெளிப்படை. அடியில் யோசேப்பின் சொந்தக் குறிப்பு ஒன்று இருந்தது என்பது பெரும்பான்மைக் கருத்து. முழுவதும் இடைச்செருகல் என்பாரும் உண்டு.

20ஆம் புத்தகம் வேறு மாதிரி. 62இல் தலைமைக் குரு அனனுஸ், ‘கிறிஸ்து எனப்பட்ட இயேசுவின் சகோதரன்’ யாக்கோபைக் கல்லெறிந்து கொல்லவைத்து, அதனால் பதவி இழந்தார் என்கிறது. புகழ்ச்சி இல்லை, கதைக்கு அனனுஸ்தான் முக்கியம், யாக்கோபு அடையாளத்துக்காக வருகிறார். செருகுகிறவர் இவ்வளவு அடக்கமாகச் செருக மாட்டார். இந்த யாக்கோபைத்தான் பவுல் நேரில் கண்டார். வாதத்துக்கு முதலில் இந்த இடத்தை எடுங்கள், 18ஆம் புத்தகத்தை அல்ல.

116 வாக்கில் எழுதிய ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ், திபேரியுஸ் காலத்தில் பொந்தியு பிலாத்து கிறிஸ்துவுக்கு மரண தண்டனை விதித்ததைச் சொல்கிறார். பிலாத்துவின் பதவிப் பெயரில் மட்டும் பிழை: 1961இல் செசரியாவில் கிடைத்த கல்வெட்டு, டாசிட்டஸ் சொல்லாத வேறொரு பதவியைத் தருகிறது. அவர் செய்தி கிறிஸ்தவர்களிடமிருந்தே வந்திருக்கலாம் என்பதால் தனிச் சாட்சியாக அதை எண்ணும்போது கவனம் வேண்டும்.

கேள்வி: அண்ணா, நான் கல்லூரி மாணவன். சுவிசேஷத்தில் எது வரலாறு, எது பிற்சேர்க்கை என்று நானே சோதித்துப் பார்க்க முடியுமா?

பதில்: முடியும் தம்பி. மாற்கு, மத்தேயு, லூக்கா மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே நிகழ்ச்சியை வரிவரியாக ஒப்பிட வேண்டும். மாற்கு 70ஐ ஒட்டியது, மற்ற இரண்டும் 80–90 வாக்கில், யோவான் 90களில். மாற்கின் 661 வசனங்களில் சுமார் 600இன் சாரம் மத்தேயுவில் இருக்கிறது. ஆகவே மூன்றிலும் ஒரு செய்தி வந்தால் மூன்று சாட்சி என்று எண்ணக்கூடாது. புதிதாகப் படிப்பவர் எல்லோரும் இங்கே சறுக்குகிறார்கள். நூல்களின் உள்ளே ஆசிரியர் பெயர் கிடையாது; தலைப்புகள் பிற்பாடு சேர்ந்தவை.

யோவான் ஸ்நானனிடம் இயேசு ஞானஸ்நானம் பெற்றதை எடுத்துக்கொள். மாற்கு 1:9 கூச்சமில்லாமல் சொல்கிறது. மத்தேயு 3:14இல் யோவான் ‘நான் உம்மிடம் பெறவேண்டியதாயிருக்க’ என்று தயங்குகிறார். லூக்கா 3:20இல் யோவானைச் சிறையில் அடைத்த பிறகே 21இல் ஞானஸ்நானம் வருகிறது, கொடுத்தவர் பெயர் இல்லாமல். நான்காம் சுவிசேஷம் அந்தச் செயலையே விவரிக்கவில்லை. பாவமன்னிப்புக்கான ஞானஸ்நானத்தை இயேசு ஏன் பெற்றார் என்ற சங்கடம் வளர வளர, கதை நெளிகிறது. சங்கடம் தரும் ஒன்றை யாரும் கற்பனை செய்திருக்க மாட்டார்கள். ஆகவே அது நடந்தது என்பது வலுவான முடிவு. ஒன்று நினைவில் வை: நமக்குச் சங்கடமாகத் தெரிவது அவர்களுக்கும் சங்கடமாக இருந்ததா என்று மூலத்திலேயே அடையாளம் காட்ட வேண்டும்.

கேள்வி: இயேசு பிறந்தபோது நடந்ததாக லூக்கா சொல்லும் குடிமதிப்பு சரிதானா?

பதில்: பெரிய சிக்கல், மழுப்பக்கூடாது. லூக்கா 2:2இல் வரும் சீரியா அதிபதி ‘சிரேனியு’ குடிமதிப்பு எடுத்தது கி.பி. 6இல். ஏரோது இறந்தது கி.மு. 4இல். மத்தேயு இயேசுவை ஏரோது காலத்தில் பிறக்கவைக்கிறார். லூக்கா 1:5உம் ஏரோதிலிருந்தே தொடங்குகிறது. ஏறத்தாழ பத்து ஆண்டு உதைக்கிறது. முந்தைய குடிமதிப்பு ஒன்று இருந்தது என்ற விளக்கத்துக்கு ஆவணம் இல்லை. லூக்கா பிழைபட்டார் என்பதே எளிய விளக்கம்.

கேள்வி: 5,800 கையெழுத்துப் பிரதி இருப்பதால் பைபிள் மாறவே இல்லை என்கிறார் எங்கள் போதகர். சரிதானா சார்?

பதில்: எண் சரி, முடிவு சரியில்லை. அந்தக் கிரேக்கப் பிரதிகளில் பெரும்பகுதி ஒன்பதாம் நூற்றாண்டுக்குப் பிந்தியவை. மிகப் பழையதாகச் சொல்லப்படும் யோவான் துணுக்கு மான்செஸ்டரில் இருக்கிறது: 8.9 செ.மீ. உயரம், 6 செ.மீ. அகலம். 125 என்று ஆண்டு போட்டுவிடுகிறார்கள். எழுத்தமைதியை மட்டும் வைத்து அவ்வளவு குறுக்க முடியாது, இரண்டாம் நூற்றாண்டின் முடிவு வரைகூடத் தள்ளலாம். பவுல் நிருபங்களின் பெரிய தொகுதி 200ஐ ஒட்டியது.

பிரதிகள் மிகுதியாக இருப்பதன் நன்மை, மாற்றத்தைக் கண்டுபிடிக்க முடிவதுதான். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் 1 யோவான் 5:7 ‘பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி’ என்ற மூவரைச் சொல்கிறது. பழைய கிரேக்கப் பிரதிகளில் அந்தச் சொற்கள் இல்லை. கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சில் வெளியிட்ட எராஸ்மஸ் 1516, 1519 பதிப்புகளில் அவற்றைச் சேர்க்கவில்லை. எதிர்ப்பு வந்தபின் 1522இல் சேர்த்தார். புதிய மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் அந்தச் சொற்களைக் காணமாட்டீர்கள். மாற்கு 16:9–20உம் பழைய சினாய், வத்திக்கான் கையெழுத்துப் பிரதிகளில் இல்லை. இவற்றைச் சபையிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது. முதல்முறை வெளியில் கேள்விப்படும் இளைஞர்கள் ஏமாற்றப்பட்டதாக உணர்கிறார்கள்.

கேள்வி: இயேசுவின் கதை, ரோமர் வணங்கிய மித்ரா என்ற தெய்வத்தைப் பார்த்து எழுதியதா?

பதில்: இல்லை. மித்ரா பாறையிலிருந்து பிறக்கிறார். அவர் இறந்து எழுந்ததாகப் பண்டைய மூலம் எதுவும் கிடையாது. ரோமில் அவர் வழிபாட்டுக்கான தடயமே முதல் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் தொடங்குகிறது.

கேள்வி: இயேசுவின் சீடர் தோமா கி.பி. 52இல் நம் தென்னிந்தியப் பக்கம் வந்தது உறுதியா?

பதில்: 52 என்ற ஆண்டு அந்தக் கால ஆவணம் எதிலும் இல்லை. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்துச் சிரியாக் நூலான தோமா பணிகள், அவரைக் கொண்டபாரஸ் அரசனிடம் அனுப்புகிறது. அந்த அரசன் உண்மையானவன். நாணயங்களும் தக்த்-இ-பாஹி கல்வெட்டும் உண்டு. ஆனால் அவன் ஆண்டது வடமேற்கே. தெற்கே மிளகு விளையும் கரையில் கிறிஸ்தவர் இருந்ததைக் கோஸ்மாஸ் என்ற கிரேக்கப் பயணி 550 வாக்கில் எழுதுகிறார். பரங்கிமலையில் 1547இல் கிடைத்த சிலுவையில் இருப்பது பகலவி எழுத்து. பாரசீகத் தொடர்பைக் காட்டுகிறது, தோமாவை அல்ல. முதல் நூற்றாண்டில் செங்கடல் வழியாக முசிறிக்குக் கப்பல் ஓடியதால், வந்திருக்க வழி இருந்தது. ஆண்டு தெளிவாகத் தெரியும் உள்ளூர் ஆவணம் வேண்டுமென்றால் 849வரை வர வேண்டும்: அய்யனடிகள் திருவடிகள் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்குக் கொடுத்த செப்பேடு.