ராத்திரி படுத்தா அம்மாவால காலை சும்மா வச்சுக்க முடியல, எந்த சாப்பாட்டை நிறுத்தணும்?

அம்மாவுக்கு 52 வயசு, படுத்த கொஞ்ச நேரத்துல கெண்டைக்காலுக்குள்ள என்னமோ ஊறுது, குடையுது, எந்திரிச்சு நடந்தாதான் அடங்குது, டாக்டர் ரெஸ்ட்லெஸ் லெக்ஸ்னு சொல்லிட்டார், சாப்பாட்டுல எதையெல்லாம் நிறுத்தணும்னு கேட்டிருக்கீங்க. எனக்கு பல வருஷமா இது இருக்கு. எங்க அம்மாவுக்கும் இருந்துச்சு, ஆச்சிக்கும் இருந்துச்சு, குடும்பத்துல வழிவழியா வர்றது இதுல சகஜம். ஆச்சி ராத்திரி ஆனா பழைய சேலைக் கிழிசலை எடுத்து ரெண்டு கெண்டைக்காலையும் இறுக்கிக் கட்டிக்கிட்டுதான் படுப்பாங்க, வயசான வலின்னு நாங்க எல்லாரும் நினைச்சுட்டோம்.

நிறுத்த வேண்டிய சாப்பாடு ரொம்ப கம்மிங்க. உடம்புல இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்புல இருக்கு, சாப்பிடற இரும்பு உள்ள சேருதா, இதைத்தான் முதல்ல பாக்கணும். அம்மாவுக்கு ஃபெரிட்டின் டெஸ்ட் (இரும்பு சேமிப்பைக் காட்டற ரத்தப் பரிசோதனை) எடுத்தாச்சா? நிறைய இடத்துல ஹீமோகுளோபின் மட்டும் பாத்துட்டு 12 இருக்கு, ரத்தம் நல்லா இருக்குன்னு அனுப்பிடறாங்க. எனக்கும் ஹீமோகுளோபின் நல்லாத்தான் இருந்துச்சு, அப்புறம் ஒரு நரம்பு டாக்டர் ஃபெரிட்டின் எழுதிக் கொடுத்தார், 18னு வந்துச்சு. லேப் ரிப்போர்ட்ல அது நார்மல் ரேஞ்சுக்குள்ளதான் இருந்தது, ஆனா இந்த வியாதி உள்ளவங்களுக்கு அந்த ரேஞ்ச் போதாது, ஃபெரிட்டின் 75 அல்லது அதுக்குக் கீழ இருந்தாலே இரும்பு கொடுக்கலாம்னுதான் இதுக்கான சிகிச்சை வழிமுறை சொல்லுது. மூளையில டோபமைன்னு, உடம்பு அசைவைக் கட்டுப்படுத்தற ஒரு ரசாயனம் இருக்கு, அது தயாராகறதுக்கு இரும்பு வேணும். ராத்திரி நேரத்துல ரத்தத்துல இரும்போட அளவும் இயல்பாவே இறங்கும். பகல்ல ஒண்ணும் தெரியாம பொழுது சாஞ்சா ஆரம்பிக்கறதுக்கு இதெல்லாம் ஒரு காரணம்.

இப்ப சாப்பாட்டுக்கு வர்றேன். முதல்ல காபி, டீ. இது ரெண்டு பக்கமும் இடிக்கும். சாயங்காலம் 4 மணிக்கு குடிச்ச டிகாஷன் காபியில உள்ள கஃபைன் கிட்டத்தட்ட பாதி அளவு ராத்திரி 9 மணிக்கும் உடம்புல நிக்கும், அதனால நிறைய பேருக்கு குடைச்சல் ஏறும். இன்னொண்ணு, நம்ம வீட்டுல டிபன் சாப்பிட்ட கையோட காபி, மதியம் சாப்பிட்டதும் டீன்னு ஒரு பழக்கம் இருக்கு பாருங்க, அந்த டீ காபியில இருக்கற துவர்ப்புச் சத்து சாப்பாட்டுல இருக்கற இரும்பைப் பிடிச்சு உள்ள சேர விடாம பண்ணிடும். முருங்கைக்கீரை பொரியல் வச்சு சாப்பிட்டுட்டு உடனே டீ குடிச்சா அந்தக் கீரையால பெருசா பிரயோஜனம் இல்ல. அம்மாவை காபியே குடிக்காதீங்கன்னு சொல்ல வேண்டாம், பாவம், காலையில ஒண்ணு குடிக்கட்டும், ஆனா சாப்பாட்டுக்கும் அதுக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும், மதியத்துக்கு மேல வேண்டாம். கூல்டிரிங்க்ஸ் கோலா வகையும் இதே கணக்குதான். வீட்டுல யாருக்காவது இந்தத் தொந்தரவோட குடிப்பழக்கம், சிகரெட் இருந்தா அதுவும் சேர்ந்து கூட்டும்.

இனிப்பு, ராத்திரி லேட்டா வயிறு முட்ட சாப்பிடறது, இதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறுது. எனக்கு ராத்திரி பாயாசமோ ஐஸ்கிரீமோ சாப்பிட்டா அன்னைக்கு தூக்கம் போச்சு, எங்க அம்மாவுக்கு இனிப்பு ஒண்ணும் பண்ணாது, ஆனா சாயங்கால டீ ஒரு வாய் போனாலே போதும். அதனால அடுத்தவங்க லிஸ்ட்டைப் பாத்து எல்லாத்தையும் நிறுத்தாதீங்க. நான் சமையல்கட்டுல தொங்கற தினசரி காலண்டர்ல கிழிச்ச தாளோட பின்பக்கத்துல ராத்திரி என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்கு, கால் எப்படி இருந்துச்சுன்னு ஒரு வரி எழுதி ஒரு கிளிப்புல மாட்டி வைப்பேன், அதை வரிசையா வச்சுப் பாத்தா எது நமக்கு ஆகலைன்னு தானா தெரியும்.

சேர்க்க வேண்டியது என்னன்னா, அசைவம் சாப்பிடுவாங்கன்னா ஆட்டு ஈரல், சுவரொட்டி. இதுல உள்ள இரும்பு கீரையில இருக்கறதை விட சுலபமா உடம்புல சேரும். சைவம்னா கீரை, எள்ளு, முளைகட்டின பயறு எல்லாம் சாப்பிடலாம், ஆனா கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாவோ இருக்கணும், வைட்டமின் சி சேர்ந்தாதான் செடியில இருந்து வர்ற இரும்பு நல்லா உள்ள போகும். ஃபெரிட்டின் ரொம்ப கம்மின்னா சாப்பாட்டால மட்டும் ஏத்தறது கஷ்டம், மாத்திரை வேணும், சிலருக்கு டிரிப்ஸ்ல ஏத்துவாங்க. டெஸ்ட் பண்ணாம கடையில அயர்ன் மாத்திரை வாங்கி கொடுத்துடாதீங்க, அதிகமானா கல்லீரலுக்கு ஆபத்து.

இந்த வயசு அம்மாமாருங்க விஷயத்துல நான் அடிக்கடி பாக்கறது, மூட்டு வலிக்குன்னு கால்சியம் மாத்திரை, அயர்ன் மாத்திரை ரெண்டையும் ராத்திரி சாப்பிட்டதும் ஒண்ணா போட்டுக்கறாங்க, காலையில கேஸ் மாத்திரை வேற. கால்சியம் இரும்பை உள்ள விடாது, அமிலத்தைக் குறைக்கற கேஸ் மாத்திரையும் அப்படித்தான். நேரத்தைப் பிரிச்சுப் போடச் சொல்லுங்க, கேஸ் மாத்திரை இன்னும் தேவையான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. இரும்பு ஏன் குறைஞ்சுதுன்னும் பாக்கணும், மாதவிலக்கு நிக்கற சமயத்துல அதிகமா ரத்தம் போறது, மூலம், வயித்துப்புண், இதுல ஏதாவது இருக்கலாம்.

சாப்பாட்டை விட பெரிய தூண்டுதல் மாத்திரையிலதான் இருக்குன்னு நான் நினைக்கறேன். சளிக்கு போடற தூக்கம் வர்ற மாத்திரை (குளோர்ஃபெனிரமின் மாதிரி), இருமல் சிரப்புல வர்ற டைஃபென்ஹைட்ரமின், வாந்திக்கு மெட்டோகுளோபிரமைட், தலைசுத்தலுக்கு புரோகுளோர்பெரசின், இதெல்லாம் குடைச்சலை ஏத்திவிடும். நரம்பு வலின்னு சொன்னா எழுதிக் கொடுக்கற அமிட்ரிப்டிலினும் இந்த வகைதான், கால் வலிக்குன்னு போட்டு கால் தொந்தரவே கூடிப் போனவங்க இருக்காங்க. அம்மா போடற மாத்திரை அட்டை எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு டாக்டர் முன்னாடி கொட்டிடுங்க, நீங்களா எதையும் நிறுத்த வேண்டாம்.

இதுக்குன்னே கொடுக்கற மருந்துல பிராமிபெக்சோல், ரோபினிரோல் ஆரம்பத்துல அதிசயமா கேக்கும், வருஷக்கணக்குல போட்டா சிலருக்கு சாயங்காலம் வர்றது மதியமே வர ஆரம்பிக்கும், கை வரைக்கும் ஏறும். அதனால இப்ப கபாபென்டின், பிரிகாபலின் பக்கம்தான் டாக்டர்கள் முதல்ல போறாங்க. அம்மாவுக்கு எதை எழுதியிருக்காங்கன்னு பாருங்க.

அது வரைக்கும் ராத்திரிக்கு, படுக்கறதுக்கு முன்னாடி வெந்நீர் ஊத்தி கெண்டைக்காலை நல்லா நீவி விடுங்க. சிலருக்கு வெந்நீரை விட வெறும் தரையில செருப்பில்லாம நடக்கறதுதான் இதமா இருக்கும். எந்திரிச்சு நடக்கறப்ப சும்மா படுங்கம்மான்னு மட்டும் யாரும் அதட்ட வேண்டாம், அந்த நேரத்துல படுத்திருக்கறது நிஜமாவே முடியாது. பஸ்ல போறதா இருந்தா நடைபாதை ஓர சீட்டா எடுங்க.

டெஸ்டுக்கு காலையில வெறும் வயித்துல கூட்டிட்டுப் போங்க, அதுக்கு முந்தின நாள் அயர்ன் மாத்திரை போட வேண்டாம், காய்ச்சலோ சளியோ இருந்தா ஃபெரிட்டின் பொய்யா ஏத்திக் காட்டும், அது சரியான பிறகு எடுங்க. ஃபெரிட்டினோட டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷனும் (ரத்தத்துல இரும்பைச் சுமக்கற புரதத்துல எத்தனை சதவீதம் இரும்பு ஏறியிருக்குன்னு பாக்கற டெஸ்ட்) சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்க.