40,000 ரூபாய்க்கு ஏர் இன்டேக்: போடலாமா?

கேள்வி: கோவையில் இருக்கிறேன். 2021 மாடல் போலோ ஜிடி டிஎஸ்ஐ வைத்திருக்கிறேன். இன்ஜினில் இதுவரை எதையும் மாற்றவில்லை. இன்ஜினுக்குக் காற்று போகும் வழியான ஏர் இன்டேக்கில், கம்பெனி ஏர் பாக்ஸைக் (ஃபில்டர் இருக்கும் மூடிய பெட்டி) கழற்றிவிட்டு, கூம்பு வடிவ கோன் ஃபில்டரும் அகலமான பைப்பும் போட்டால் 15 குதிரைத்திறன் கூடும் என்கிறார்கள் ஒரு கடையில். 40,000 ரூபாய் ஆகுமாம். போடலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் 1.0 லிட்டர் டர்போ இன்ஜினின் திறன் 110 பிஎஸ். டார்க் (சுழற்று விசை) 175 நியூட்டன் மீட்டர். 1,750 முதல் 4,000 ஆர்பிஎம் வரை அது ஏறாமல் இறங்காமல் ஒரே அளவில் நிற்கிறது. காற்று போதாமல் திணறும் இன்ஜினில், வேகம் கூடக் கூட டார்க் சரியும். இங்கே டார்க் சமமாக இருப்பதற்குக் காரணம், 175-ஐத் தொட்டதும் இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) வேஸ்ட்கேட்டை (டர்போவுக்குப் போகும் புகையைத் திருப்பிவிடும் வால்வு) திறந்து டர்போவை அடக்குவதுதான். நீங்கள் எவ்வளவு காற்றுக்கு வழிவிட்டாலும் இசியூவின் கணக்கு மாறாதவரை அது அதே இடத்தில் பிடித்து நிறுத்தும். 4,000-க்கு மேல் சொற்பமாக ஏதாவது கிடைக்கலாம். 15 கிடைக்காது.

நஷ்டமும் உண்டு. மூடி இல்லாத கோன் ஃபில்டர், பானெட்டுக்குள் இருக்கும் சூட்டுக் காற்றையே இழுக்கும். கம்பெனி பாக்ஸ் வெளிக்காற்றை எடுக்கிறது. 30 டிகிரி காற்றுக்குப் பதில் 60 டிகிரி காற்று போனால் அடர்த்தி ஏறக்குறைய 9 சதவீதம் குறைகிறது. டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் ஓரளவு சமாளிக்கும், ஆனால் அதே பூஸ்ட்டுக்கு (காற்றழுத்தத்துக்கு) டர்போ கூடுதலாக உழைக்க வேண்டும். அவிநாசி சாலை சிக்னல்களில் நின்று நின்று போகும்போது இது நன்றாகவே தெரியும்.

கடையில் டைனோ (வண்டியின் திறனை அளக்கும் மெஷின்) ரிப்போர்ட் காட்டினால், பானெட்டைத் திறந்து முன்னால் ஃபேன் வைத்து ஓட்டினார்களா என்று கேளுங்கள். அப்படி எடுத்த அளவு கோன் ஃபில்டருக்குச் சாதகமானது. பானெட்டை மூடி, ஒரே நாளில், ஒரே மெஷினில், பழையதும் புதியதும் அடுத்தடுத்து ஓட்டிய ரிப்போர்ட் இருந்தால் மட்டும் பேச்சைத் தொடருங்கள். ஐஎஸ்ஓ 5011 சோதனை முடிவையும் கேளுங்கள். ஃபில்டர் எவ்வளவு தூசியைப் பிடிக்கிறது என்பது அதில்தான் தெரியும். காற்றைத் தாராளமாக விடும் ஃபில்டர் மணல்தூசியையும் விட்டால் சிலிண்டர் சுவர் தேயும். அதைச் சரிசெய்ய 40,000 போதாது.

டர்போவின் சீறல் சத்தம் பிடித்திருந்தால் அதற்காகப் போடுவது உங்கள் விருப்பம், அதில் தவறில்லை. ஆனால் சத்தம் கூடினாலே வண்டி வேகமாகப் போவதுபோல் தோன்றும்; அதை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். வேகம்தான் வேண்டுமென்றால், முதலில் நல்ல டயர், பிறகு நம்பகமான ட்யூனரிடம் இசியூ ரீமேப் (இசியூவின் கணக்கை மாற்றி எழுதுவது). முதல் கட்ட ரீமேப்புக்குக் கம்பெனி ஏர் பாக்ஸே போதும். உள்ளே புது பேப்பர் ஃபில்டர் மாற்றினால் சரி. பெரிய டர்போ போடும் நாளில் இன்டேக்கைப் பற்றி யோசிக்கலாம்.

கேள்வி: என் காரில் ஏற்கெனவே கோல்ட் ஏர் இன்டேக் (வெளியிலிருந்து குளிர்ந்த காற்றை இழுக்கும் அமைப்பு) இருக்கிறது. ஃபில்டர் பம்பருக்குள், கீழே. வேளச்சேரியில் வீடு. மழைக்காலத்தில் பயமாக இருக்கிறது.

பதில்: பயம் நியாயமானது. ஃபில்டர் முழுக்கத் தண்ணீருக்குள் போனால் இன்ஜின் தண்ணீரை இழுக்கும். தண்ணீரை அமுக்க முடியாது என்பதால் கனெக்டிங் ராடு வளையும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. அதற்கு முன்பே பழைய ஏர் பாக்ஸைத் திரும்ப மாட்டிவிடுங்கள். சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் இந்தச் சேதத்துக்குப் பொதுவாகப் பணம் வராது. இன்ஜின் ப்ரொடெக்ட் ஆட்-ஆன் வேண்டும். அதை வாங்கும்போதே இன்டேக் மாற்றியதை எழுத்தில் தெரிவியுங்கள், இல்லையென்றால் க்ளெய்ம் நேரத்தில் அதையே காரணம் காட்டுவார்கள். வண்டி தண்ணீரில் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. தள்ளி மேட்டில் நிறுத்திவிட்டு, டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.