உப்புத் தண்ணீரில் கண்ணா மரம் பட்டுப்போகாமல் நிற்பது எப்படி?

கிணற்று நீர் உவர்ந்தால் தோட்டத்து வெங்காயம் கருகிவிடுகிறதே, யாழ்ப்பாணத்தை அடுத்த மண்டைதீவுக் கரையில் கடல்நீருக்குள் நிற்கும் கண்ணா என்ற சதுப்புநில மரத்துக்கு மட்டும் ஏன் ஒன்றும் ஆவதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

வெயிலேறிய பின் ஒரு கண்ணா இலையைப் பறித்து நாக்கில் வைத்துப் பாருங்கள், கரிக்கும். இலையிலுள்ள நுண்சுரப்பிகள் உப்பை வெளியே தள்ளுகின்றன. ஈரம் காய்ந்ததும் அது வெள்ளைப் பொடியாகப் படிந்திருக்கும். அதற்கு முன்பே வேர் பெரும்பங்கு உப்பை உள்ளே விடாமல் மறித்துவிடுகிறது. முட்டுக்கால் ஊன்றி நிற்கும் கண்டல் என்ற இன்னொரு சதுப்புநில மரத்துக்கு இந்தச் சுரப்பி கிடையாது. வேரில் வடிகட்டுவதையே அது பெரிதும் நம்பியிருக்கிறது.

எல்லோரும் உப்பைப் பற்றியே கேட்கிறார்கள். என்னைக் கேட்டால், மூச்சுவிடுவதுதான் இன்னும் பெரிய பாடு. களப்புச் சேற்றில் ஒட்சிசன் அருமை. அதனால்தான் கண்ணா மரத்தைச் சுற்றிப் பென்சில்களை நட்டுவைத்ததுபோல வேர்கள் மேல்நோக்கி நிற்கின்றன. நீர் வற்றியிருக்கும்போது அவற்றின் நுண்துளைகள் வழியே காற்று உள்ளே போகிறது. வெறுங்காலுடன் அங்கே நடந்தவர்களுக்கு அவற்றின் உறுதி நன்றாகத் தெரியும்!

மரம் சூழலைச் சமாளிப்பதோடு நின்றுவிடுவதில்லை, அதை மாற்றவும் செய்கிறது. உதிரும் இலையை நண்டு கிழித்துத் தின்கிறது. மிச்சத்தை நுண்ணுயிர்கள் மக்கச் செய்கின்றன. அதை இறால் குஞ்சுகள் மேய்கின்றன. பெரிய மீன் நுழைய முடியாத வேர்ச்சந்துகள்தான் அவற்றுக்கு ஒளிவிடம். நண்டு தோண்டும் வளை வழியே சேற்றுக்குள் காற்றும் நீரும் இறங்க, அந்தப் பலன் மறுபடி வேருக்கே வந்து சேர்கிறது.