லடாக்கில் ஒரு வார நடை: உடல் தாங்குமா?

லடாக்கின் மார்க்கா பள்ளத்தாக்கு வழியாக நடந்து, சுமார் 5,200 மீட்டர் உயரத்தில் உள்ள கோங்மாரு லா கணவாயைக் கடக்கும் பயணம் பற்றி வாசகர்கள் சிலர் எழுதியிருந்தனர். அவர்களுடைய கேள்விகளும் அந்த வழியில் இருமுறை நடந்தவன் என்ற முறையில் என் பதில்களும் இங்கே.

எனக்கு வயது 52. திருச்சியில் வங்கிப் பணி. தினமும் ஐந்து கிலோமீட்டர் நடக்கிறேன். வெள்ளியங்கிரி ஏழு மலையும் இருமுறை ஏறி இறங்கியிருக்கிறேன். இந்தத் தகுதி போதுமா?

வெள்ளியங்கிரியை ஏறி இறங்கியவருக்குக் காலில் வலுவும் மனத்தில் உறுதியும் இருக்கின்றன என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த மலையின் உச்சி 1,800 மீட்டரைக்கூட எட்டுவதில்லை. தமிழகத்தின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். லடாக்கில் நீங்கள் இறங்கும் லே நகரின் விமான நிலையமோ 3,250 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அதாவது, நீங்கள் இதுவரை ஏறிய எந்த உயரத்தையும் விடக் கூடுதலான உயரத்தில்தான் விமானத்தின் படிகளில் இறங்கப்போகிறீர்கள்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. வெள்ளியங்கிரியில் உடல் வலித்தாலும் மறுநாள் வீட்டில் படுத்துக்கொள்ளலாம். மார்க்காவில் ஐந்தாறு நாட்கள் தொடர்ந்து, நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் நடக்க வேண்டும்; அதுவும் முந்தைய இரவு சரியாகத் தூங்காத உடலோடு. ஆகவே ஒருநாள் கடுமையாகப் பயிற்சி செய்து மூன்று நாள் ஓய்வெடுப்பதைவிட, வாரத்தில் மூன்று நாட்களாவது அடுத்தடுத்து, முதுகில் ஆறேழு கிலோ சுமையுடன் இரண்டு மூன்று மணி நேரம் நடந்து பழகுங்கள்.

ஏறுவதைப் பற்றிக் கவலைப்படும் பலர் இறங்குவதை மறந்துவிடுகிறார்கள். கோங்மாரு லாவிலிருந்து ஷாங் சும்தோ வரை ஒரே நாளில் ஏறத்தாழ 1,500 மீட்டர் இறக்கம். சரளைக் கல்லும் ஓடையும் மாறிமாறி வரும் பாதை. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடற்பாரத்தைத் தாங்குவதால், ஏற்றத்தைவிட அதிகமாகப் புண்ணாகிறது. தசை ஓய்ந்ததும் பாரமெல்லாம் முழங்காலுக்குப் போய்விடுகிறது. அடுக்குமாடிப் படிகளில் மெதுவாக, பிடிப்போடு இறங்கிப் பழகுவதே இதற்கு நல்ல பயிற்சி. இரண்டு ஊன்றுகோல்களையும், குறைந்தது இரண்டு மாதம் போட்டுப் பழகிய காலணியையும் கொண்டுசெல்லுங்கள். ஐம்பதைத் தாண்டியவர் என்பதால், புறப்படுமுன் இதயப் பரிசோதனையும் இரத்த அழுத்தப் பரிசோதனையும் செய்துகொள்வது அவசியம். வயது தடையன்று, நிதானமாக நடக்கத் தெரிந்த ஐம்பது வயதுக்காரர்கள் அங்கே நன்றாகவே நடக்கிறார்கள்.

நான் கோவையைச் சேர்ந்தவன், வயது 27. அரை மாரத்தானை இரண்டு மணி நேரத்துக்குள் ஓடுவேன். விடுமுறை குறைவு என்பதால் சனிக்கிழமை லேயில் இறங்கி, ஞாயிறு காலையிலேயே நடையைத் தொடங்கலாமா?

வேண்டாம். உங்கள் கேள்வியைத்தான் முதலில் படித்தேன், படித்ததும் கவலைப்பட்டேன்.

காற்றில் ஆக்சிஜனின் விகிதம் எங்கும் ஏறக்குறைய 21 சதவீதம்தான். காற்றின் அழுத்தமே உயரத்தில் குறைகிறது. லே நகரில் அது கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கு. கோங்மாரு லாவில் பாதியைச் சற்றே தாண்டும். இந்தக் குறைவை ஈடுகட்ட உடல் முதலில் மூச்சை வேகப்படுத்துகிறது. அதனால் கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறி, இரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது. அதைச் சிறுநீரகம் சரிசெய்ய நாட்கள் பிடிக்கும். இரத்தச் சிவப்பணுக்கள் பெருக வாரங்கள் ஆகும். இந்த வேலைகளில் எதையும் மாரத்தான் பயிற்சி விரைவுபடுத்துவதில்லை. உடற்பயிற்சி செய்தவருக்கு, உயரத்துக்கு உடல் பழகாததால் வரும் மலைநோய் வராது என்ற நம்பிக்கை தவறானது. வேகமாக நடக்க முடிகிறது என்பதாலேயே அவர்கள் வேகமாக உயரத்துக்குப் போய் மாட்டிக்கொள்கிறார்கள்.

1962 போரின்போதும் அதன் பின்னரும் சமவெளியிலிருந்து அவசரமாக இமயத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட நம் படைவீரர்கள் இதே நோயால் துன்பப்பட்டனர். அவர்களுள் 1,925 பேரைக் கவனித்து இந்திய மருத்துவர்கள் 1969இல் வெளியிட்ட ஆய்வு, மலைநோய் பற்றிய மருத்துவத்தில் இன்றும் மதிக்கப்படுகிறது. வலுவில் அந்த வீரர்களுக்கு என்ன குறை?

எங்கள் குழுவில் உங்களைப் போலவே திடகாத்திரமான இளைஞர் ஒருவர் இருந்தார். லேயில் ஒரே ஒரு நாள் தங்கிவிட்டு வந்தவர். முதல் நாட்களில் எங்கள் எல்லோருக்கும் முன்னால் போய்ப் பாறைமேல் உட்கார்ந்து காத்திருப்பார். சுமார் 4,250 மீட்டர் உயரத்தில் உள்ள தச்சுங்சேயில் கூடாரம் அடித்த மாலை, காலணி நாடாவை அவிழ்க்கக் குனிந்தவர் நெற்றியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். இரண்டு வாய் சூப் உள்ளே போனதும் வாந்தி. வழிகாட்டி அவரை எழுப்பி, ஒரு காலின் குதிகால் மறுகாலின் விரலைத் தொடும்படி நேர்க்கோட்டில் நடக்கச் சொன்னார். மூன்றாம் அடியிலேயே பக்கவாட்டில் சாய்ந்தார். தலைவலியும் வாந்தியும் மட்டுமென்றால் மேலே ஏறாமல் அங்கேயே ஓய்வெடுத்துப் பார்க்கலாம். நடை தள்ளாடினால் மூளையில் நீர் கோக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள், உடனே இறங்கியாக வேண்டும். மூளை வீக்கத்தைக் குறைக்கும் டெக்சாமெத்தசோன் மருந்தைக் கொடுத்து, டார்ச் வெளிச்சத்தில் குதிரைமேல் ஏற்றி கீழே உள்ள ஹங்கருக்கும், விடிந்ததும் மார்க்கா கிராமத்துக்கும் இறக்கினோம். மறுநாள் மாலை எழுந்து ரொட்டி கேட்டார். அவர் பிழைத்தது வழிகாட்டியின் கண்ணால்.

லேயில் குறைந்தது இரண்டு முழு நாட்கள், முடிந்தால் மூன்று நாட்கள் தங்குங்கள். முதல் நாள் படுத்திருங்கள், மது கூடாது. 3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல் இருப்பது நல்ல விதி. இப்போது பள்ளத்தாக்கினுள் சாலை நீண்டுகொண்டே போவதால் வண்டியில் வெகுதூரம் போய்விட முடிகிறது. நாள் மிச்சம் என்று மகிழாதீர்கள். ஹங்கரிலிருந்து தச்சுங்சேயில் தங்காமல் நேரே, கணவாய்க்குக் கீழுள்ள கடைசித் தங்குமிடமான நிமாலிங்குக்கு ஏறுவதும் அதே தவறுதான். விடுமுறை குறைவென்றால், இந்த ஆண்டு லேயைச் சுற்றிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஜூலை மாதத்திலும் குளிர் என்கிறார்கள். வியர்க்காத இடத்தில் தண்ணீர் எதற்கு அவ்வளவு?

வியர்க்கிறது, உங்களுக்குத் தெரிவதில்லை. லேயில் ஆண்டு மழையே சுமார் 100 மில்லிமீட்டர்தான். அந்த வறண்ட காற்றில் வியர்வை தோலில் நிற்காமல் ஆவியாகிவிடும். மாலையில் சட்டையைக் கழற்றினால் முதுகுப் பக்கம் உப்புப் பூத்து வெள்ளைக் கோடுகளாக நிற்கும். உள்ளிழுக்கும் ஒவ்வொரு மூச்சையும் நுரையீரல் ஈரப்படுத்தி அனுப்புவதால், வேகமாக மூச்சுவிடும்போது அந்த வழியிலும் நீர் போகிறது. உயரத்துக்கு உடல் பழகும்போது சிறுநீரும் கூடுதலாகவே பிரியும். நடக்கும் நாட்களில் மூன்று முதல் நான்கு லிட்டர் வரை, சிறிது சிறிதாகக் குடியுங்கள். சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் தண்ணீரையே அளவுக்கு மீறிக் குடிப்பதும் இரத்தத்தில் உப்பைக் குறைத்து ஆபத்தில் விடும் என்பதால், ஓ.ஆர்.எஸ். கரைசலோ சூப்போ இடையிடையே வேண்டும். ஊர்மக்கள் தரும் உப்புபோட்ட வெண்ணெய்த் தேநீரை மறுக்காதீர்கள். அந்த மண்ணுக்கு அதுவே பொருத்தமான பானம். ஓடைநீர் தெளிவாக இருந்தாலும் மேலே ஆடுமாடுகள் மேய்வதால் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும்.

மலைநோய்க்குத் தரும் டயமாக்ஸ் மாத்திரை சாப்பிட்டால் லேயில் தங்காமல் போகலாமா?

போகக் கூடாது. அது உடல் பழகுவதைச் சற்று விரைவுபடுத்தும், பழகுவதற்கு மாற்றாகாது. விரல்கள் மரமரப்பதும் அடிக்கடி சிறுநீர் பிரிவதும் அதன் பக்கவிளைவுகள். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரிடம் அதைத் தவறாமல் சொல்லிவிட வேண்டும்.

சோறு இல்லாமல் என்னால் இருக்க முடியாது. அங்கே என்ன சாப்பிடுவது?

சுமார் 4,800 மீட்டரில் உள்ள நிமாலிங்கில் தண்ணீர் ஏறத்தாழ 85 டிகிரியிலேயே கொதித்துவிடும். பிரஷர் குக்கர் இல்லாவிட்டால் சோறு அரைவேக்காடாகவே இருக்கும். குக்கர் இருந்தாலும் அங்கே பசி எடுப்பதில்லை என்பதுதான் பெரிய சிக்கல். பசிக்காவிட்டாலும் மணிக்கொரு முறை பேரீச்சை, கடலைமிட்டாய், வறுத்த பார்லி மாவான சம்பா என்று ஏதாவது சாப்பிட்டுக்கொண்டே இருங்கள். மாவுச்சத்தை எரிக்கக் கொழுப்பைவிடக் குறைந்த ஆக்சிஜன் போதும் என்பதால், எண்ணெய்ப் பலகாரங்களை ஊருக்குத் திரும்பிய பிறகு வைத்துக்கொள்ளலாம்.

நிமாலிங்கிலிருந்து இருட்டிலேயே புறப்பட்டுக் கணவாய்க்கு ஏறும்போது, இருபது அடிக்கு ஒருமுறை ஊன்றுகோலில் சாய்ந்து நிற்க வேண்டியிருக்கும். வாயில் போட்ட பேரீச்சையை மென்றால் மூச்சு தவறும், மூச்சைக் கவனித்தால் மெல்ல மறந்துபோகும். அன்று மாலை ஷாங் சும்தோவுக்கு இறங்கி, பச்சைப் பார்லி வயல் கண்ணில் பட்டபோதுதான் எனக்கு நான்கு நாட்களுக்குப் பிறகு முதன்முறையாக உண்மையான பசி எடுத்தது.