கருத்தரிப்பும் நாள் கணக்கும்: கேள்வி பதில்

கேள்வி: மேடம், கணவருக்கு டெங்கு காய்ச்சல் வந்து ஒன்றரை மாதம் ஆகிறது. இப்போது எடுத்த டெஸ்டில் விந்தணு மில்லிக்கு 90 லட்சம்தான். மாத்திரை ஆரம்பிக்கலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். விரைக்குள் ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள் ஆகும். பிறகு எபிடிடிமிஸ் குழாயில் ஊர்ந்து, நீந்தத் தேறி வர இன்னும் இரண்டு வாரம். ஆக, இன்று டப்பாவில் கொடுப்பது மூன்று மாதத்துக்கு முன் உருவாகத் தொடங்கியது. உடம்பை விட 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சியாக இருந்தால்தான் விரைகளில் வேலை ஒழுங்காக நடக்கும். கடும் காய்ச்சல் அதைக் கெடுத்திருக்கலாம்.

காய்ச்சல் விட்டு மூன்று மாதம் கழித்து மறுபடி எடுங்கள். அதற்கு முன் 2 முதல் 7 நாள் விந்து வெளியேறாமல் இருக்க வேண்டும். முதலில் வரும் துளிகளில்தான் விந்தணு அதிகம். அது கீழே சிந்தினால் எண்ணிக்கை பொய்யாகக் குறையும், மறைக்காமல் லேபில் சொல்லிவிடுங்கள். வீட்டில் எடுத்தால் சட்டைக்குள் உடம்புச் சூட்டோடு வைத்து ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோக வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வைத்த கீழ் எல்லை மில்லிக்கு 1.6 கோடி. அப்போதும் அதற்குக் குறைவாக வந்தால் மருந்தைப் பற்றி யோசிக்கலாம்.

கேள்வி: எனக்கு 35 நாளுக்கு ஒருமுறை பீரியட்ஸ். 14ஆம் நாள் முக்கியம் என்கிறார்கள். ஆறு மாதமாகப் பலனில்லை.

பதில்: அந்த 14, 28 நாள் சுழற்சிக்காரர்களுக்கு. முட்டை வெளிவந்த பின் அடுத்த பீரியட்ஸ் வர சுமார் 14 நாள். அதனால் பின்னாலிருந்து எண்ணுங்கள். உங்களுக்கு 21ஆம் நாளை ஒட்டி வரும். முட்டைக்கு ஆயுள் ஒரு நாள் கூட இல்லை, விந்தணு ஐந்து நாள் வரை காத்திருக்கும். எனவே 16 முதல் 21 வரை ஒருநாள் விட்டு ஒருநாள் சேருங்கள். எல்.எச். ஸ்ட்ரிப் (முட்டை வெளிவரும் முன் சிறுநீரில் உயரும் ஹார்மோனைக் காட்டும் பட்டை) 17ஆம் நாளிலிருந்து பாருங்கள். பாசிட்டிவ் வந்தால் ஒன்று, ஒன்றரை நாளில் முட்டை வெளிவரும்.

கேள்வி: வயது 38. பீரியட்ஸ் மாதம் தவறாமல் வருகிறது. அப்புறமும் ஏன் வயதைச் சொல்லி பயமுறுத்துகிறார்கள்?

பதில்: ஆணுக்கு விந்தணு தினமும் புதிது. உங்கள் முட்டைகளோ நீங்கள் உங்கள் அம்மா வயிற்றில் இருந்தபோதே உருவானவை. ஐந்தாம் மாதக் கருவில் 60, 70 லட்சம். பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம். வயதுக்கு வரும்போது மூன்று, நான்கு லட்சம். வாழ்நாளில் வெளிவருவது நானூறு சொச்சம். ஒவ்வொன்றும் குன்றல் பிரிவை (குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் செல் பிரிவு) பாதியில் நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறது. அத்தனை வருடமும் குரோமோசோம்களைச் சேர்த்துப் பிடித்திருப்பது கோஹெசின் என்ற புரதம். அது புதுப்பிக்கப்படுவதில்லை. பிடி தளர்ந்தால் பிரியும் நேரத்தில் ஒரு பக்கம் இரண்டும் போய்விடும். 21ஆம் குரோமோசோம் மூன்றானால் டவுன் சிண்ட்ரோம். பிறப்பில் இதன் வாய்ப்பு 35 வயதில் சுமார் 350இல் ஒன்று, 40இல் 100இல் ஒன்று. இன்னொன்று: ஏ.எம்.எச். டெஸ்ட் முட்டையின் இருப்பைக் காட்டும், தரத்தைக் காட்டாது. அந்த எண் நன்றாக இருக்கிறது என்று தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: நீட்டுக்குப் படிக்கிறேன். முட்டையில் குன்றல் பிரிவு 2 எப்போது முடியும்?

பதில்: விந்தணு உள்ளே நுழைந்த பிறகுதான், தம்பி. அதுவரை அந்தப் பிரிவின் நடுக்கட்டமான மெட்டாஃபேஸ் 2இல் நிற்கும்.

கேள்வி: கடைசி பீரியட்ஸ் கணக்கில் 6 வாரம். உள்வழி ஸ்கேனில் (பிறப்புறுப்பு வழியாக எடுப்பது) 16 மி.மீ. கருவின் பை மட்டும் தெரிகிறது, துடிப்பு இல்லை. கலைத்துவிடச் சொல்கிறார்கள்.

பதில்: உங்கள் சுழற்சி எத்தனை நாள் என்று எழுதவில்லையே! 35 நாள் என்றால் கருவுக்கு ஒரு வாரம் குறைவு. உள்வழி ஸ்கேனில் பை 25 மி.மீ. ஆகியும் கரு இல்லை, அல்லது கரு 7 மி.மீ. ஆகியும் துடிப்பு இல்லை என்றால்தான் உறுதியாகச் சொல்லலாம். ஒன்றிரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். இடையில் ஒருபக்க வயிற்றுவலி, தோள்வலி, மயக்கம் வந்தால் காத்திருக்கக் கூடாது. கருக்குழாயில் தங்கிய கரு வெடிக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: பாசிட்டிவ் வந்த பிறகு ஃபோலிக் ஆசிட் போட்டால் போதுமா?

பதில்: தாமதம். கருத்தரித்த 28ஆம் நாளுக்குள் குழந்தையின் மூளை, தண்டுவடமாக ஆகும் நரம்புக்குழாய் மூடிவிடும்; அது சரியாக மூடத்தான் ஃபோலிக் ஆசிட். அப்போது உங்களுக்கு நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும். முயற்சி தொடங்கும் முன் ஒரு மாதமாவது தினம் 400 மைக்ரோகிராம் எடுங்கள். முந்தைய குழந்தைக்கு முதுகுத்தண்டில் பிளவு இருந்திருந்தால் அதைப் போலப் பத்து மடங்கு அளவு தேவைப்படும். அதை மருத்துவர்தான் எழுதித்தர வேண்டும்.