மலைநாட்டு ஈரத்தில் நாற்காலி இருக்கையை மாற்றுவது எப்படி

தம்பி, திருச்சியிலிருந்து இலங்கையின் நுவரெலியாவுக்குக் குடிவந்த வீட்டில் ஆறு சாப்பாட்டு மேசை நாற்காலிகள் இருக்கின்றன, இருக்கையெல்லாம் கிழிந்து பூஞ்சை வாடை அடிக்கிறது, தூக்கிப்போடுவதா, நாமே மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். மரச்சட்டம் ஆடாமல் இருந்தால் தாராளமாக மாற்றலாம். வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கடையில் 'கதிரை' என்று கேளுங்கள். இங்கே நாற்காலிக்கு அதுதான் பேச்சு.

கதிரையைக் கவிழ்த்தால் நான்கு மூலையிலும் ஸ்க்ரூ தெரியும். கழற்றியதும் இருக்கைக்கும் சட்டத்துக்கும் ஒரே எண்ணை எழுதிவிடுங்கள். துளைகள் கதிரைக்குக் கதிரை கொஞ்சம் மாறும். பழைய உறையைக் கிழிக்காமல் எடுத்தால் அதுவே வெட்டும் அளவு. வாடை பிடித்த ஸ்பாஞ்சை மட்டும் எறிந்துவிடுங்கள். என்ன செய்தாலும் அந்த வாடை போகாது.

அடிப்பலகையில்தான் பொறுமை வேண்டும். திருச்சியில் ஒரு பகல் வெயில் போதும். இது கிட்டத்தட்ட 1,870 மீட்டர் உயரம், மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை வேறு. ஈரப் பலகைமேல் ரெக்சினை இழுத்து அடித்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் மறுபடி பூஞ்சைதான். மூக்கை மூடிக்கொண்டு வெளியில் வைத்துத் தேய்த்து, வினிகரால் துடைத்து, நிறுத்திவைத்துக் காயவிடுங்கள். சமையலறைத் தராசில் தினமும் நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்றால்தான் காய்ந்ததாக அர்த்தம். பிறகு ஈரம் வெளியேற, பலகையில் ஐந்தாறு இடத்தில் 10 மில்லிமீட்டர் துளை போடுங்கள். பிளைவூட் அடுக்கு பிரிந்திருந்தால் 12 மில்லிமீட்டரில் புதிது வெட்டிக்கொள்வதே நல்லது.

ஸ்பாஞ்ச் 2 அங்குல கனத்தில், விரலால் அமுக்கினால் உடனே எழும்பும் அடர்த்தியானதாக வாங்குங்கள். மெத்தென்று இருப்பது சில மாதத்தில் பலகை தட்டும். பாண் (பிரெட்) வெட்டும் பல்கத்தி அதை நேராக வெட்டும்.

18 அங்குலச் சதுர இருக்கைக்கு, பக்கத்துக்கு ஸ்பாஞ்ச் 2, பலகை அரை, மடிப்பு 2 என்று சேர்த்தால் 27 அங்குலத் துண்டு. 54 அங்குல அகல ரெக்சினில் குறுக்கே இரண்டு வரும். ஆறுக்கு 81 அங்குலம், இரண்டேகால் மீட்டர் வாங்கினால் போதும். பூப்போட்ட துணி என்றால் பூவை நடுவில் நிறுத்த இன்னும் அரை மீட்டராவது வேண்டும்.

குளிரில் ரெக்சின் விறைக்கும், மூலையில் மடங்காது. வெயிலில் போட்டோ ஹெயர் டிரையரால் சூடாக்கியோ இழுங்கள். ஸ்டேப்ளர் கன்னில் 8 அல்லது 10 மில்லிமீட்டர் பின், துருப்பிடிக்காத வகை. முதலில் நான்கு பக்கத்தின் நடுவிலும் ஒவ்வொன்று. திருப்பிப் பார்த்து, கோணல் இல்லையென்றால் நடுவிலிருந்து மூலை நோக்கி அங்குலத்துக்கு ஒன்று, மூலைக்கு 2 அங்குலம் முன் நிறுத்துங்கள். ஒரு பக்கத்தை முழுதாக அடித்துவிட்டு எதிர்ப்பக்கம் போனால் துணி சாய்ந்துவிடும், பெரும்பாலும் கெடுவது இங்கேதான். மூலையின் நுனியை நடுவை நோக்கி இழுத்து ஒரு பின் அடித்து, இருபுறமும் சின்ன மடிப்பாக அடக்குங்கள்.

அடியில் மெல்லிய துணி அடியுங்கள், பாலிதீன் வேண்டவே வேண்டாம். போட்ட துளைகள் அடைந்துவிடும். ஸ்க்ரூ துளை தளர்ந்திருந்தால் மரப்பசை தடவிய தீக்குச்சி இரண்டைச் செருகி, ஒரு நாள் காயவிட்டு முடுக்குங்கள்.